நாலரை அடிக் குழியும் ஏசித் தண்ணீரும்

நான் வயரிங் செய்த கட்டடங்களில் பெரிய ஏசி ஏதாவது இருந்தால், அதிலிருந்து வடிகிற தண்ணீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சாக்கடையில் முடியாது. மழைத்தண்ணீர்க் குழாயிலும் முடியாது. எர்த் குழியின் தலையில்தான் முடியும். "இது எந்த ஊர் வழக்கம்?" என்று கேட்கிற இன்ஜினீயர்களிடம், "திருவண்ணாமலை வழக்கங்க" என்று சொல்லி வைப்பேன். உண்மையில் அது ஊர் வழக்கமெல்லாம் இல்லை. ஒரே ஒரு அம்மாளின் வழக்கம். அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடனைச் சொல்ல வேண்டுமானால் என் திருட்டுத்தனத்தையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் ஆன பிறகு எனக்கு அதில் வெட்கமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். வீட்டு வயரிங், மோட்டார் ரிப்பேர், கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் என்று என் பிழைப்பு ஓடியது. கை சுத்தம், வாய் மட்டும் ஜாஸ்தி என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை.

அங்கே ஒரு லேடி டாக்டர் சின்னதாக நர்ஸிங் ஹோம் நடத்தி வந்தார். பெரும்பாலும் பிரசவக் கேஸ்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஜன்னலில் சொருகிய பழைய ஏசி ஒன்று இருந்தது. அது போட்ட சத்தத்துக்கும் கொடுத்த குளிருக்கும் சம்பந்தமே கிடையாது. கோடையில் ஆபரேஷன் நடக்கும்போது டாக்டரம்மாவின் நெற்றியைத் துடைப்பதற்கென்றே ஒரு நர்ஸ் நிற்பாராம். அடுத்த கத்திரி வெயிலுக்குள் நல்ல ஏசி போட்டே தீருவது என்று டாக்டரம்மா முடிவெடுத்தார்.

வாங்கியது பேக்கேஜ் ஏசி. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பிரித்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. கம்ப்ரஸர், மின்விசிறி, குளிர்க் குழாய் எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள். பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி மொட்டை மாடியில் உட்கார வைத்துவிட்டால், குளிர்ந்த காற்று தகரக் கூண்டு வழியாகக் கீழே தியேட்டருக்கு இறங்கும். மெஷினை விற்ற கம்பெனி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்குக் கரண்டு கொண்டுபோவதும், அது விடுகிற தண்ணீரை வெளியே கொண்டுபோவதும் நம் வேலை.

"மெட்ராஸ்லேருந்து ஆள் கூட்டிட்டு வரலாம். லோக்கல் ஆளுக்கு இதெல்லாம் தெரியாது" என்று டாக்டரம்மாவின் மாமனார் சொன்னார். ரிட்டயர் ஆனவர். வாஸ்துவில் அவருக்கு அபார நம்பிக்கை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஏம்பா, செய்வியா?"

"செய்வேங்க."

"தெரியாதது இருந்தா கேட்டுக்கணும். தெரிஞ்ச மாதிரி செய்யக்கூடாது."

"சரிங்கம்மா" என்றேன். என் வாழ்க்கையில் முதல் பெரிய வேலை அது. அதை எனக்குக் கொடுத்த டாக்டரம்மாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் காற்றில் விட்டுவிட்டேன்.

மெயின் போர்டிலிருந்து மாடிக்கு த்ரீ ஃபேஸ் கேபிள் இழுத்தேன். கோளாறு வந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற பிரேக்கரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒன்று வைத்தேன், கீழே ஒன்று வைத்தேன். இதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. தண்ணீர்க் குழாய்தான் ஆட்டம் காட்டியது. பெட்டியிலிருந்து சுவரோரமாக நேரே கீழே இறக்கியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் பெட்டி இருந்தது தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. "கரண்டு அக்னியில இருக்கணும், தண்ணி ஈசானியத்துல வெளியேறணும். மாத்திப் போட்டா ஆஸ்பத்திரிக்கு ஆகாது" என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மொட்டை மாடி முழுக்கச் செங்கல்லை அடுக்கி, வாட்டம் பார்த்து, வடகிழக்கு மூலைவரை பி.வி.சி. பைப்பை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பைப்புக்கு இவ்வளவு பெரிய யாத்திரை தேவையா என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

முதல் நாள் மெஷினை ஓடவிட்டபோது பைப்பில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நிறுத்தியதும் குபுகுபுவென்று கொட்டியது. கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் சிரித்தார். "உள்ள இருக்கிற ஃபேன் காத்தை இழுக்குது இல்ல? பைப் வழியாவும் சேர்த்து இழுக்குது. தண்ணி எப்படி வெளிய வரும்? பைப்பை யூ மாதிரி வளைச்சு விடுங்க. வளைவுல தண்ணி நின்னா காத்து போகாது." வளைத்துவிட்டேன். தண்ணீர் நல்ல பிள்ளையாக வடிந்தது. தெரியாததைக் கேட்டால் நாலு பேர் எதிரில் சிரிப்பார்களே தவிர வேறொன்றும் ஆகிவிடாது என்று அன்று தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரமே ஒரு காரியம் செய்து முடித்திருந்தேன்.

அதுதான் எர்த் குழி. மெஷினுக்குள் எங்காவது ஒயர் நைந்து தகரத்தைத் தொட்டுவிட்டால், பெட்டி முழுக்க கரண்டு ஏறிவிடும். அந்தக் கரண்டு மண்ணுக்குள் ஓடி மறைய ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் எட்டடிக்குக் குழி எடுத்து, இரும்பு பைப்பை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, பைப்பின் வாயில் ஒரு புனலை வைத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது. மண் ஈரமாக இருந்தால் கரண்டு சரசரவென்று இறங்கும், பிரேக்கர் பட்டென்று விழும். மண் காய்ந்து கிடந்தால் கரண்டு இறங்காது. பெட்டியிலேயே உட்கார்ந்துகொண்டு, அடுத்து யார் தொடுவார்கள் என்று காத்திருக்கும்.

குழி வெட்ட இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தேன். கட்டடத்தின் பின்பக்கம், அதே அக்னி மூலையில் வெட்டினார்கள். நாலரை அடியில் கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் உருண்டையாக, வழவழவென்று ஒரு பாறையின் தலை. இருவரும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள்.

"லிங்கம் மாதிரி இருக்குதுங்க" என்றார் ஒருவர்.

"மலை இங்க வரைக்கும் வேர் விட்டிருக்குது. நாங்க இதுமேல கடப்பாரை போட மாட்டோம்" என்றார் இன்னொருவர்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் மலையே சாமி. அந்த மலையின் பாறையை யார் உடைப்பார்கள்? ஒருவர் கடைக்கு ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வந்து குழிக்குள் ஏற்றினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், அதில் பக்தி பாதி, சோம்பல் பாதி. தள்ளி வேறு இடத்தில் புதுக் குழி எடுத்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு நாள் ஆகும். டாக்டரம்மாவிடமும் சொல்ல வேண்டும். பெரியவர் வேறு, "நான் அப்பவே சொன்னேன்ல, லோக்கல் ஆளு" என்பார். நான் ஹேக்ஸா பிளேடை எடுத்து எட்டடி பைப்பை நாலரை அடியில் அறுத்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். மீதித் துண்டை யார் கண்ணிலும் படாமல் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதில் அவரைக்கொடி ஏற்றினாள்.

மூடிய குழி எத்தனை அடி என்று வெளியே யாருக்குத் தெரியும்? இன்ஜினீயர் சோதிக்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தக் குழியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பைப் பிடித்துப் பார்த்தபோது கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரிந்தது. "குட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. "வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும்" என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் ஊற்ற மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலில் சொன்னேனே, அந்த அம்மாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த நர்ஸிங் ஹோமின் ஆயா. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்தே வருவார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். தியேட்டரைக் கழுவுவது, பச்சைத் துணிகளைத் துவைத்து மாடியில் உலர்த்துவது எல்லாம் அவர் வேலை. நான் ஏசிப் பெட்டிக்கு இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்ட் அடித்து நிறுத்திய மறுநாளே, அந்த ஸ்டாண்டின் காலில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தண்ணீர் டாங்கில் கட்டித் துணிக்கொடி ஆக்கிவிட்டார்.

"அக்கா, இதுல கட்டாதீங்க. கரண்டு மெஷினு" என்று அவிழ்த்துப் போட்டேன்.

"நீ போட்ட மெஷினு தான? நல்லா தான போட்டிருப்ப?" என்று மறுபடி கட்டினார்.

நான் அவிழ்ப்பதும் அவர் கட்டுவதுமாக ஒரு மாதம் போயிற்று. கத்தியும் பார்த்தேன். "இன்னா தம்பி, உனக்கு வூட்டுல சோறு போடலயா, என்கிட்ட வந்து கத்துற?" என்று கேட்டதோடு சரி. ஈரத் துணி, வெறும் கால், ஈரத் தரை, இரும்புக் கம்பி, அது போய்ச் சேர்கிற இடம் நான் எர்த் செய்த பெட்டி. அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாலரை அடிக் குழி ஞாபகம் வரும். அதனால்தான் அவ்வளவு கத்தினேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

குழி வெட்டியவர்கள் போகிற போக்கில் லிங்கம் கிடைத்த கதையை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா விட்டுவிடுவாரா? தினமும் வேலைக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அந்தப் புனலில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவார். புனலைச் சுற்றி விபூதி, குங்குமம். செவ்வாய், வெள்ளிகளில் இரண்டு அரளிப்பூ. எர்த் குழிக்குப் பூஜை நடப்பதை நான் என் ஆயுளில் அங்கேதான் பார்த்தேன்.

கத்திரி பிறந்தது. அந்த நாட்களில் பெரிய கோயிலில் சாமிக்கு மேலே தாரா பாத்திரம் கட்டுவார்கள். வெயிலில் சாமி காய்ந்துவிடக்கூடாது என்று பாத்திரத்தின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நான் வேறு வேலையாக நர்ஸிங் ஹோம் பக்கம் போனபோது, எர்த் குழிக்கு மேலே சன்ஷேடிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் குடம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து சலைன் ஏற்றுகிற டியூப் ஒன்று, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சக்கரத்தோடு இறங்கிப் புனலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. குடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். மாடியில் யூ வளைவைத் தாண்டி நான் போட்ட இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதில் ஒரு ரப்பர் டியூபைச் சொருகிக் கீழே விட்டிருந்தார். ஈசானியத்துக்குப் போன என் பைப் வறண்டு கிடந்தது.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இன்னாக்கா இது? ஏசி கழிச்ச தண்ணியப் போயி சாமிக்கு விடுறீங்க?"

"கழிச்ச தண்ணியா? குளுகுளுனு இருக்குது, தொட்டுப் பாரு. கோயில்ல தாரா கட்டிட்டாங்க. இந்த சாமிக்கு யாரு கட்டுவாங்க? நான் ஒருத்தி எத்தினி சொம்பு ஊத்துறது?"

"பெரிய ஐயா பாத்தா திட்டுவாரு. தண்ணி ஈசானியத்துல தான் போகணுமாம்."

"சாமி தலையில போற தண்ணிக்கு ஈசானியம் இன்னா, அக்னி இன்னா?"

இதற்குப் பெரியவரிடமே பதில் இருந்திருக்காது. ஆனாலும் மாடியேறி இணைப்பைச் சரிசெய்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் குடம் மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். அந்த வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அந்தக் குழியைச் சுற்றி மட்டும் மண் கறுத்து, ஓரத்தில் பாசி படர்ந்திருந்தது. நல்லதுதானே, ஈரமாக இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்காமல் சைக்கிளை மிதித்துவிட்டேன்.

அதே வாரத்தில் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு ஆள் ஓடி வந்தது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது ஏசி நின்றுவிட்டதாம், பிரேக்கர் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். போய்ச் சேர்ந்தபோது கீழே நர்ஸ் ஒருவர் என்னைப் பார்வையாலேயே வறுத்தார். இரண்டு முறை பிரேக்கரைத் தூக்கிவிட்டாராம், இரண்டு முறையும் பட்டென்று விழுந்ததாம். "இனிமே யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் அக்கா தண்ணீர் டாங்கின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பச்சைத் துணி கொடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தது. வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சுக்கா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. துணி போட்டுனு இருந்தேன். சுர்ருனு ஒரு இழுப்பு இழுத்துச்சு. அப்படியே வுட்டுடுச்சு. உள்ள ஆபரேஷன் நடக்குது, கத்தக்கூடாதுனு ஒக்காந்துட்டேன்."

கொடியின் மறுமுனை ஏசி ஸ்டாண்டில்தான் இருந்தது. பிரேக்கரை அணைத்துவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். குரங்கு வேலை. ஒயர் போகிற வளைகுழாயைப் பிடித்து ஊஞ்சலாடி இழுத்ததில், ஒரு ஒயர் தகட்டின் விளிம்பில் உரசி, தோல் உரிந்து, செம்பு பளபளவென்று தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது தொட்ட நேரத்தில் அக்காவின் ஈரக் கை கம்பியில் இருந்திருக்கிறது. பிரேக்கர் விழாமல் இருந்திருந்தால் அந்தக் கை கம்பியை விட்டிருக்காது.

பிரேக்கர் ஏன் விழுந்தது? கீழே மண் ஈரமாக இருந்தது, அதனால் விழுந்தது. மண் ஏன் ஈரமாக இருந்தது?

உரிந்த இடத்தை வெட்டிவிட்டு, புது ஒயர் போட்டு, விளிம்புக்கு ரப்பர் வைத்து மூடினேன். ஏசி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தியேட்டரிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை மாடிவரைக்கும் கேட்டது. "ஆம்பளப் புள்ளயா இருக்கும், குரலப் பாரு" என்று அக்கா சிரித்தார். நான் கீழே போய்க் குழியின் பக்கத்தில் நின்றேன். குடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று நான் கும்பிட்டதில் சோம்பல் கலக்கவில்லை. அழுதுவிட்டேன். சுற்றிலும் யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலரை அடி, அறுத்த பைப், பத்துக் குடம் தண்ணீர், ஒன்று விடவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு தையல் போடுறதுக்கு முன்னாடி நாங்க பஞ்சு எண்ணுவோம், தெரியுமா? ஒண்ணு கம்மியா இருந்தாலும் மூட மாட்டோம். மூடிட்டா உள்ள இருக்கறது வெளிய யாருக்கும் தெரியாது. நீ மூடிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கே வேற எடத்துல எட்டடி குழி எடு. இருக்கறதையும் எடுத்துடாத, ரெண்டும் இருக்கட்டும்." போகச் சொல்லிவிட்டார் என்று எழுந்தேன். "என்கிட்ட சொல்லிட்ட. அவகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

அதுதான் எட்டடிக் குழியைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் தள்ளி வேறு இடத்தில் குழி எடுத்தேன். பாறை இல்லை, எட்டடியும் மண்தான். வீட்டிலிருந்து அவரைக்கொடி ஏறிய துண்டைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பழைய பைப்போடு சேர்க்க முடியுமா என்றுகூடப் பைத்தியக்காரத்தனமாக யோசித்தேன். துணிக்கொடிக்கு இரண்டு மரக் கம்பங்கள் நட்டு, ஏசியை விட்டு எட்டத்தில் நைலான் கயிறு கட்டிக் கொடுத்தேன். வேலையெல்லாம் நடந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

இதற்குள் அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தத் தம்பி ஒயர் போட்டதுனால பொழச்சேன். வேற எவனாவது போட்டிருந்தா இன்னிக்கு எனக்குப் பதினாறாம் நாளு காரியம்" என்று நர்ஸுகளிடம், நோயாளிகளோடு வந்தவர்களிடம், டீக்கடையில், எல்லா இடத்திலும். ஒருநாள் மஞ்சள் பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவருடைய அண்ணன் நிலத்தில் விளைந்தது. "வேக வெச்சி பசங்களுக்குக் குடு" என்றார். என் வீட்டில் வேகவைத்துப் பிள்ளைகள் உரித்து உரித்துத் தின்றார்கள். நான் ஒரு கடலைகூடத் தொடவில்லை. திட்டினால் திருப்பித் திட்டிவிடுகிற ஆள் நான். நன்றி சொன்னால் என்ன செய்வது?

காலிப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொல்லிவிட்டேன். பின்பக்கம், அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன்.

"அக்கா, உங்களக் காப்பாத்தினது நான் இல்ல. எட்டடி எடுக்க வேண்டிய குழிய நாலரை அடியில மூடிட்டேன். கல்லு வந்துச்சுனு சாக்கு வெச்சி மூடிட்டேன். நீங்க தண்ணி வுடாம இருந்திருந்தா அன்னிக்கு..."

அக்கா புனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலரை அடியா?" என்றார்.

"ஆமாக்கா."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க தம்பி. ரெண்டும் இன்னும் பள்ளிக்கூடம் போவுதுங்க." அவ்வளவுதான் சொன்னார். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடையில் என்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஊரெல்லாம் தூற்றியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். கத்திரி முடிந்தது. குடம் மட்டும் இறங்கவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் சுவிட்ச் மாற்றுவதற்காக நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். வேலை முடித்துக் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி."

திரும்பினேன்.

"ஞாயித்துக்கெழம ஆபரேஷன் கெடயாது. ஏசி ஓடாது. கொடத்துல தண்ணி வராது."

"ஆமாக்கா."

"அன்னிக்கு எனக்கும் லீவு. நீ வந்து ஊத்து."

மறுநாள் காலையில் போனேன். அக்கா வந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். லீவு நாளில் அடி அண்ணாமலையிலிருந்து நடந்து வந்து, குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சரிபார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. நான் சொல்வதை இனி நம்ப வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? பின்பக்கக் குழாயில் குடத்தை நிறைத்துத் தூக்கி வந்து, மெதுவாகப் புனலில் ஊற்றினேன். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. ஊற்றி முடித்ததும் அவர் புனலோரத்திலிருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினார். கை கரகரப்பாக இருந்தது. கம்பியை விட்டுப் பிழைத்து வந்த கை.

எனக்குப் போதும் போலிருந்தது. குடத்தைக் கீழே வைக்கப் போனேன்.

"வெக்காத. இப்ப ஊத்துனது சாமிக்கு" என்றார். "இன்னொரு கொடம் ஊத்து. அது எனக்கு."

அவர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க, அவர் பெண்கள் இருவரும் படித்து முடித்துக் கல்யாணமாகிப் போகிறவரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரண்டு குடம் கணக்கு. ஊரில் இல்லாத நாட்களில் என் மனைவி போய் ஊற்றினாள். அந்த முதல் ஞாயிறன்று, காலிக் குடத்தோடு நான் மறுபடி குழாயடிக்குப் போனேன். அது நிறைகிறவரைக்கும் அக்கா என் பக்கத்திலேயே நின்றார்.